மொராக்கோ உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகும் முன்



பெருநாள் முடிந்த சில நாட்களில், மகளின் கல்வி உதவி மனுவைக் கொடுக்க நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பெருநாளின் நான்காம் நாள் வீட்டில் ஆறு பேரும் பெங்களூருக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் போனில் பார்த்து ஆசைப்பட்ட ‘மொராக்கோ சாப்பாடு’ கிடைக்கும் ஓர் உணவகத்துக்கு. மெனுவில் இருந்த பெயர்கள் யாருக்கும் புரியவில்லை. படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தார்கள். வந்த கறியில் உலர்ந்த பழம் போட்டு இனிப்பாக இருந்தது. வீட்டு நானி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். ரொட்டியும் தேநீரும்தான் அவருக்குச் சாப்பாடு. கடைசியில் பில் வந்தது. கையில் இருந்த பணம் போதவில்லை. தம்பிக்கு போன் செய்து பணம் அனுப்பச் சொல்லிக் கட்டினார்கள். "பிள்ளைங்க ஸ்கூல் வேனுக்கு வெச்சிருந்த காசுங்க அது. வழி முழுக்க யாரும் பேசலை" என்றார் அந்தச் சகோதரி.

இதைக் கேட்டபின் இந்த இதழில் இதைப்பற்றி எழுதுவது நல்லது என்று நினைத்தோம். வெளியே சாப்பிடப் போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வாரம் முழுதும் ஷிப்ட் பார்க்கும் தகப்பன் பிள்ளைகளை ஒருநாள் வெளியே அழைத்துப்போவது நல்ல காரியம். போகும்போது தெரிந்துகொண்டு போவோம் என்பதுதான் சொல்ல வந்தது.

அரபுச் சாப்பாடு எல்லாம் ஒன்றல்ல

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் நம் பக்கத்தில் பிரியாணி, கபாப், பரோட்டா இவைதான் வெளிச்சாப்பாடு. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வழியாகவும் கேரளச் சகோதரர்களின் கடைகள் வழியாகவும் மந்தி, அல்ஃபஹாம், ஷவர்மா எல்லாம் ஓசூர் வரை வந்து, இப்போது பிள்ளைகளுக்குப் பழகிப்போய்விட்டது. இவற்றை எல்லாம் சேர்த்து ‘அரேபியன்’ என்கிறோம். உண்மையில் மந்தி யமன் நாட்டுச் சாப்பாடு. ஷவர்மா துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்தது.

மொராக்கோ இவற்றிலிருந்து வெகுதூரம். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், ஸ்பெயினுக்கு எதிரே இருக்கும் நாடு அது. அரபியில் அதன் பெயர் ‘மஃக்ரிப்’. சூரியன் மறையும் திசை என்று பொருள். நாம் தொழும் மஃக்ரிப் தொழுகையின் பெயரும் அதே சொல்தான். அரபியரோடு அமாஸிக் என்னும் பெர்பர் மக்களும் ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களும் சேர்ந்து உண்டாக்கிய சமையல் அவர்களுடையது. மிளகாய்க் காரம் குறைவு. சீரகம், இஞ்சி, மஞ்சள், இலவங்கப்பட்டை, குங்குமப்பூ, கொத்தமல்லித்தழை நிறைய. இறைச்சியோடு பழம் சேர்ப்பது அங்கே வழக்கம். அந்த நானிக்கு இனிப்பாக வந்தது சமையல்காரர் செய்த தவறு அல்ல. உலர்ந்த பிளம்ஸும் பாதாமும் சேர்த்த ஆட்டுக்கறி அவர்கள் ஊரில் விருந்துச் சாப்பாடு.

700 வருடங்களுக்கு முன் அங்கிருந்து வந்த ஒருவர்

மொராக்கோவுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. உலகப் பயணி இப்னு பதூதா 1304இல் அந்நாட்டின் தஞ்சா (டாஞ்சியர்) நகரில் பிறந்தவர். 1325இல் ஹஜ்ஜுக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் டில்லி வரை வந்தார். முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் அங்கே காஜியாக இருந்தார். பிறகு தெற்கே வந்து மலபார், மாலத்தீவு, இலங்கை எல்லாம் பார்த்து, 1340களில் மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை. இருவருடைய மனைவியரும் உடன்பிறந்தவர்கள்.

இப்னு பதூதா சாப்பாட்டைப் பற்றி எழுதத் தவறாதவர். இன்றைய கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் ஹொன்னாவரில் அவ்வூர் முஸ்லிம் அரசரோடு உண்ட விருந்தை விவரமாகச் சொல்லியிருக்கிறார். செம்புத் தாம்பாளத்தில் அகப்பையால் சோறு வைத்து, நெய் ஊற்றி, மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களைப் பக்கத்தில் வைப்பார்களாம். பிறகு கோழி, அப்புறம் மீன், பிறகு காய்கறி, ஒவ்வொன்றோடும் மறுபடி சோறு. கடைசியில் தயிர். இன்றும் நம் கல்யாண வீட்டுப் பந்தி கிட்டத்தட்ட இப்படித்தானே நடக்கிறது?

ஆனால் ரொட்டி தின்று வளர்ந்த அந்த மனிதருக்கு நம் சோறு சுலபமாக இறங்கவில்லை. இந்தக் கடற்கரை நாடுகளிலும் தீவுகளிலும் மூன்று வருடங்கள் சோறு மட்டுமே உண்ண வேண்டியிருந்ததாகவும், கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்றும் எழுதியிருக்கிறார். உலகத்தையே சுற்றிய மனிதருக்கே இப்படி என்றால், எழுபது வயது நானிக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாடு இறங்காததில் ஆச்சரியம் இல்லை. "இதுகூடத் தெரியாதா" என்று பிள்ளைகள் பெரியவர்களைக் கேலி செய்யாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பிடித்ததாக ஒன்றை முதலிலேயே கேட்டு ஆர்டர் செய்வது நம் பொறுப்பு.

மெனுவில் இருப்பது என்ன?

*ஹரீரா.* நம் வீடுகளில் ஹரீரா என்றால் பாதாம், கசகசா, நெய் சேர்த்துப் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் இனிப்புப் பானம். மொராக்கோவில் அதே பெயரில் இருப்பது கொண்டைக்கடலை, பருப்பு, தக்காளி, கொஞ்சம் கறி போட்டுக் காய்ச்சிய கஞ்சி. ரமலானில் அங்கே நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு இதுதான். நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தயங்காமல் வாங்கலாம்.

*குஸ்குஸ்.* ரவையில் தண்ணீர் தெளித்துக் கையால் உருட்டிச் சிறுமணிகளாக்கி ஆவியில் வேகவைப்பது. நாம் கேழ்வரகு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசறிப் புட்டு அவிப்பது போலத்தான். கீழே குழம்பு கொதிக்கும், மேலே ஓட்டைப் பாத்திரத்தில் குஸ்குஸ் வேகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் காய்கறியும் கறியும் மேலே வைத்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மௌரிடானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து கேட்டதன்பேரில் 2020இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றை மறக்க வேண்டாம். இது கோதுமை ரவை. ‘சிறுதானியம், சர்க்கரைக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

*தாஜின்.* கூம்பு மூடி போட்ட மண்சட்டிக்கு இந்தப் பெயர். அதில் சமைத்த குழம்புக்கும் இதே பெயர். ஆவி மேலே போய் மூடியில் பட்டு மறுபடி சட்டிக்குள் சொட்டும். அதனால் கொஞ்சத் தண்ணீரிலேயே கறி மெதுவாக வேகும். முதல்முறை போகிறவர்களுக்குக் கோழி, உப்பு எலுமிச்சை, ஆலிவ் என்னும் ஜைத்தூன் காய் போட்ட தாஜின் பொருந்தும். மிளகாய் இல்லாத எலுமிச்சை ஊறுகாய் போட்ட கோழிக் குழம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழம் போட்டது வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சமையல் மெதுவாக நடப்பது என்பதால் பிள்ளைகள் பசியோடு காத்திருக்க நேரும். முதலில் ஹரீராவும் ரொட்டியும் சொல்லிவிடுவது நல்லது.

*பஸ்தீலா.* மெல்லிய மாவு ஏடுகளுக்குள் பறவைக்கறி, முட்டை, பாதாம் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுவார்கள். பழைய முறையில் புறாக்கறி. இப்போது பெரும்பாலும் கோழி. இனிப்பும் உப்பும் கலந்தது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

*ர்ஃபீஸா.* மெனுவில் அபூர்வமாகத்தான் இருக்கும். நம் பெண்களுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்கிறோம். பிய்த்துப்போட்ட ரொட்டி மேல் வெந்தயமும் பருப்பும் சேர்த்த கோழிக்குழம்பு ஊற்றுவது. அங்கே பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் சாப்பாடு இது. பேறுகாலத்துக்கு வெந்தயம் நல்லது என்று அவர்களும் கண்டிருக்கிறார்கள், நாமும் கண்டிருக்கிறோம்.

*புதினாத் தேநீர்.* சீனப் பச்சைத் தேயிலை, புதினா, நிறையச் சர்க்கரை. கையை உயர்த்தி நுரை வரும்படி ஊற்றுவார்கள். அந்நாட்டில் இது பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆர்டர் செய்யும்போதே சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காய்ச்சிய பிறகு எடுக்க முடியாது.

ஹலால் விஷயத்தில்

முஸ்லிம் நாட்டுச் சாப்பாடு என்பதாலேயே தட்டில் இருப்பது ஹலால் ஆகிவிடாது. பெங்களூரின் பெரிய உணவகங்களில் ‘மொராக்கன்’ என்பது மெனுவில் ஒரு வரி. அதே அடுப்படியில் வேறு நாட்டுச் சமையலும் நடக்கும், பன்றி இறைச்சியும் இருக்கலாம். மதுபானம் பரிமாறும் இடமாகவும் இருக்கலாம். வாசலில் தொங்கும் அரபு எழுத்தும் பச்சை விளக்கும் சான்றிதழ் ஆகாது. மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள், ஹலாலாக அறுத்ததா?
2. பன்றி இறைச்சி சமைக்கும் பாத்திரம், கிரில், எண்ணெய் தனியா?
3. சாஸிலோ இனிப்பிலோ ஒயின், மது ஏதாவது சேர்க்கிறீர்களா?

மரியாதையாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மரியாதையாகவே பதில் சொல்வார். மழுப்பினால் காய்கறி தாஜினோடு முடித்துக்கொள்ளலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம். போகும் முன்னே போனில் கேட்டுவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை. இன்னொன்று, மொராக்கோ மக்கள் பெரும்பாலும் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கடலில் கிடைப்பதை எல்லாம் உண்பார்கள். ஹனஃபி குடும்பங்கள் கணவாய், சிப்பி, நண்டு போன்றவை கலந்த உணவு வரும்போது கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் உடல்நலம்

இதை அழுத்திச் சொல்கிறோம். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். 2023 செப்டம்பரில் நம் மாநிலத்தில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

சாப்பாட்டின் பெயரில் குற்றம் இல்லை. வேகாத இறைச்சியும், வெந்தபின் வெளியே கிடந்து ஆறிப்போன இறைச்சியும், பச்சை முட்டையும்தான் ஆபத்து. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். கோழியை எலும்பருகே பிரித்துப் பாருங்கள். சிவப்பாக, ஈரமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெள்ளைச் சாஸ் எது வந்தாலும் முட்டையில் செய்ததா என்று கேளுங்கள். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை மட்டும் சேர்த்து அரைப்பதும் உண்டு.

மிஞ்சியதைப் பார்சல் கட்டும்போதும் யோசியுங்கள். பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்திப்பள்ளியில் நெரிசல் என்றால் இன்னும் அதிகம். மதிய வெயிலில் வண்டிக்குள் இருந்த கறியை ராத்திரி பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மிஞ்சும் என்று தெரிந்தால் கை படாத பகுதியைச் சூடாக இருக்கும்போதே கட்டி, அங்கேயே பசித்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிட்டபின் வாந்தி, பேதி வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுக்கத் தொடங்குங்கள். கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பில்லைப் படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சாகி இருக்க வேண்டும். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்குமேல் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால், அது வரி அல்ல. அரசுக்குப் போவதும் அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அந்தச் சகோதரியின் பில்லை வாங்கிப் பார்த்தோம். அதிலும் அந்த வரி இருந்தது. எடுக்கச் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியாது.

ஆறு பேர் என்றால் ஆறு தட்டு வேண்டியதில்லை. தாஜினும் குஸ்குஸும் பகிர்ந்து உண்ணவே செய்யப்பட்டவை. இரண்டு பெரிய தட்டு, ரொட்டி, ஹரீரா என்று தொடங்கி, போதவில்லை என்றால் மறுபடி வாங்குங்கள். எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அதற்குமேல் போகாமல் இருங்கள். பாட்டில் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீர் கொடுங்கள் என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒரே தட்டு

மொராக்கோவில் எல்லோரும் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்து உண்பார்கள். நல்ல கறித்துண்டு நடுவில் இருக்கும். அதை விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவது வீட்டுக்காரரின் மரியாதை. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் சஹன் சாப்பாடும் இதே முறைதான். நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு கடல் தாண்டி இரு கரையிலும் ஒன்றாக இருக்கிறது. போனில் படம் எடுப்பதைவிட இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது பலன் தரும். தட்டில் மிச்சம் வைக்காமல் உண்பதும் அதில் சேர்ந்ததுதான்.

வீட்டிலேயே ஹரீரா

ஆறு பேருக்கு: ஒரு கப் கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். கால் கிலோ எலும்புக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு வெங்காயம், இஞ்சி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், ஒரு துண்டு பட்டையோடு வதக்கி, ஊறிய கடலையும் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் வேகவையுங்கள். பிறகு அரை கப் மைசூர்ப் பருப்பு, அரைத்த ஆறு ராயக்கோட்டைத் தக்காளி, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பருப்பு குழைந்ததும் இரண்டு கரண்டி கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறிப் பத்து நிமிடம் காய்ச்சி இறக்குங்கள். எலுமிச்சை பிழிந்து, பேரீச்சம்பழத்தோடு பரிமாறலாம். கறி இல்லாமலும் செய்யலாம்.

இந்த முறையை அந்தச் சகோதரிக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து மனுவின் நிலையைக் கேட்க வந்தவர், "நானி ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க. ‘இது நம்ம நோன்புக் கஞ்சிதானே, இதுக்கா பெங்களூர் போனீங்க’ன்னு கேட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் அடுத்த பெருநாளுக்கும் போக வேண்டும் என்கிறார்களாம். போகட்டும். இந்த முறை உண்டியலில் தனியாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்கூல் வேன் காசைத் தொட வேண்டியிருக்காது, இன்ஷா அல்லாஹ்.